எலி வைத்த பார்ஸ்லி

நன்றி சொன்னால் கோபித்துக்கொள்கிற மனுஷி என்று என் வாழ்நாளில் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி அவர். அந்த ஒழுங்கையில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'ராத்தா'. முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயதைப் பார்த்தால் எனக்கு அம்மா முறை வரும், ஆனாலும் நானும் ராத்தா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவரைப் பற்றி இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார்.

கண்டிக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, மாற்றலாகி வந்த முதல் கிழமை. அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் பேனை எடுக்கப் பையைத் திறந்தேன். அவித்த முட்டை ஒன்று வெளியே வந்து நீளமான மேசையில் உருண்டு ஓடியது. மறு முனையில் இருந்த மேலதிகாரி அதை எட்டிப் பிடித்து, மரியாதையாக என்னிடமே திருப்பித் தந்தார். பிறகு கொஞ்சக் காலம் அந்த அலுவலகத்தில் எனக்கு என்ன பட்டப்பெயர் இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பின்னேரம் வந்ததும் வராததுமாகக் கேட்டேன். நான் யாழ்ப்பாணத்தாள். மனதில் வந்ததை வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாது.

"ராத்தா, என்ர பைக்குள்ள முட்டை வச்சது நீங்களோ?"

"நானா? எலி வெச்சீக்கும்."

"எலி முட்டையை அவிச்சோ வைக்கும்?"

"இந்தக் காலத்து எலி எனத்தத்தான் செய்யாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காலையில் நான் சப்பாத்துப் போடும்போது பையை வாசல் கதிரையில் வைப்பேன். அந்தச் சின்ன இடைவெளி அவருக்குப் போதும். முட்டைக்குப் பிறகு இடியப்பம் வந்தது, ஐஸ்கிரீம் பெட்டியில் வட்டிலப்பம் வந்தது, இருமல் பிடித்த நாட்களில் இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்த தண்ணீர் போத்தல் வந்தது. கம்பி முறிந்த என் குடை ஒருநாள் நைலோன் நூலால் கட்டப்பட்டு, முறிந்த சுவடே தெரியாமல் அதே ஆணியில் தொங்கியது. எதைக் கேட்டாலும் எலிதான். அந்த எலிக்குத் தையல் வேலை, சமையல், வைத்தியம் எல்லாம் தெரிந்திருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு சிங்களப் பெண்மணி இருந்தார், அவரை நோனா என்றே கூப்பிடுவோம். அவருக்கும் ராத்தாவுக்கும் வேலியோரப் பலாமரத்தின் சருகுகள் எந்தப் பக்கம் விழலாம் என்பதில் தகராறு. நான் போனபோது இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு நோனா மகள் வீட்டுக்குப் போய்விட்டார், வெயில் கொளுத்தியது. தண்ணீர்க் குழாயை வேலிக்கு மேலால் நீட்டி அவருடைய அந்தூரியங்களுக்கு ராத்தா தண்ணீர் விடுவதை என் யன்னலால் கண்டேன். நோனா திரும்பி வந்து, பூக்கள் வாடாமல் நிற்பதைப் பார்த்து, தெய்வம்தான் காப்பாற்றியது என்று விளக்குக் கொளுத்தினார். வேலிக்கு இந்தப் பக்கம் ராத்தா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சொல்லிப் போடுங்கோவன் ராத்தா, சண்டையும் தீரும்" என்றேன்.

"எனத்துக்கு? குடுத்தவ யாரெண்டு தெரிஞ்சா வாங்கினவ தலையக் குனியணும். அந்தப் பாவம் எனக்கு வாணா. பூ சாகல்லதானே, அது போதும்."

அவ்வளவுதான் அவருடைய கொள்கை விளக்கம். அதற்கு மேல் கேட்டால் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்பார்.

இனிப் பார்ஸ்லிக்கு வருகிறேன். ஒரு மனிதரின் உயிரை எடுக்கப் பார்த்த பார்ஸ்லி அது. அந்த மனிதர் ராத்தாவின் கணவர். ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவர் ஹாஜியார். வத்தேகம பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்து, இதயத்தில் வால்வு மாற்றிய பிறகு கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். கடையில் மிஞ்சிய பெயின்ட் வாளிகள்தான் ராத்தாவின் தோட்டம். குசினிக்குப் பின்னால், உடுப்புத் தோய்க்கிற கல்லிலிருந்து சுவர் மூலை வரைக்கும், அடியில் ஓட்டை போட்ட வாளிகள் வரிசையாக இருக்கும். வெளியே வெள்ளை, நீலம், மண் நிறம் என்று பெயின்ட் வழிந்த அடையாளம். உள்ளே கொத்தமல்லித் தழை போல, ஆனால் சுருள் சுருளாக, பச்சைப் பசேல் என்று பார்ஸ்லி.

பன்வில தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து மரக்கறி கொண்டுவந்து விற்கிற ஒரு பெண் கொடுத்த விதையில் தொடங்கியதாம். பார்ஸ்லியைப் போல இழுத்தடிக்கிற விதையை நான் கண்டதில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் போட்டாலும் மூன்று நான்கு கிழமைக்கு மண் மண்ணாகவே இருக்கும். நானாக இருந்தால் கிளறிப் பார்த்தே கொன்றிருப்பேன். ராத்தா ஈரச் சாக்கை மேலே போட்டுவிட்டு, அந்த வாளியைத் தனக்குத் தெரியாதது போல நடந்துகொள்வார். யாருக்கும் தெரியாமல் மண்ணுக்கடியில் ஒரு வேலை நடப்பது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

முளைத்த பிறகும் வேலைதான். அடைமழை தொடங்கினால் வாளிகளைக் கூரைத் தாழ்வாரத்துக்குள் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். கைப்பிடி அளவு பெரிய நத்தைகள் வரும். அவற்றுக்கு எதிராக முட்டைக்கோதை நொறுக்கிச் சுற்றிவரத் தூவுவார். வெட்டும்போது வெளித் தண்டுகளை அடியோடு வெட்டுவார், நடுக்குருத்தில் கை வைக்கமாட்டார். "நடுவுல கைய வெச்சா செடி ரோசப்படும் மகள்" என்பார்.

ஹாஜியாருக்குப் பச்சையாக எதுவும் ஆகாது. வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் கீரை எல்லாம் அவருக்கு ஒரே பெயர்: புல்லு. "நான் ஆடா?" என்பார், "மாடா?" என்பார், தட்டைத் தள்ளிவைப்பார். கலியாண வீட்டில் சகன் என்கிற பெரிய பொதுத் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடும்போது, புரியாணிக்கு மேல் அழகுக்கு வைத்த பச்சை இலையைப் பொறுக்கி அடுத்தவர் பக்கம் நகர்த்திவிடுவார் என்று ராத்தா சொல்லியிருக்கிறார். வீட்டுப் பின்னால் இவ்வளவு பார்ஸ்லி எதற்கு என்று அவர் யோசித்ததே இல்லை. அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வளர்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். ராத்தாவின் குணத்துக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை தேங்காய் கேட்டுக் குசினிக்குப் போனவள் கையும் களவுமாகப் பிடித்தேன். இரண்டு கைப்பிடி பார்ஸ்லியை, வறுத்த கறித்தூளோடும் வெங்காயத்தோடும் சேர்த்து அம்மியில் மையாக அரைத்துக்கொண்டிருந்தார். மாட்டிறைச்சிக் கறி ஏற்கெனவே கறுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அரைத்ததை அதற்குள் வழித்துப் போட்டார். பச்சை எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

"இதையும் எலி தின்னுமோ ராத்தா?"

திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு என்னைக் கதவுக்குப் பின்னால் இழுத்து, "வாய மூடு மகள்" என்றார். "பச்ச தின்னாத மனுசன்ட ரத்தம் எப்பிடி ஓடும்? நெஞ்சத் தொறந்து மூடின ஒடம்பு. இந்த வீட்டுல எனக்கு ஈக்குறது அவரு ஒரு ஆளுதான்."

கட்லட்டில் போட்டார். ரொட்டி மாவில் போட்டார். கஞ்சியில் போட்டார். சின்னத் துணுக்கு ஒன்று பல்லில் பட்டு ஹாஜியார் என்ன இது என்று கேட்டால் கறிவேப்பிலை என்பார். கறிவேப்பிலைக்கு மட்டும் ஹாஜியாரின் சட்டத்தில் விலக்கு இருந்தது. யாருக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். என் வாயில் நின்ற ஒரே இரகசியம் அதுதான். வாயைத் திறந்திருக்க வேண்டிய இடத்தில் நின்றும் தொலைத்தது.

வால்வு மாற்றியவர்களுக்கு இரத்தம் உறையாமல் வைக்க ஒரு குளிசை, அதாவது மாத்திரை, கொடுப்பார்கள். ஆயுள் முழுக்கக் குடிக்க வேண்டும். இரத்தம் தடித்தால் வால்வில் கட்டி பிடிக்கும், அளவுக்கு மீறி இளகினால் எங்காவது பெருகத் தொடங்கி நிற்காது. இரண்டுக்கும் நடுவில் வைத்திருக்க மாதாமாதம் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஹாஜியார் தனியாகவே பஸ்ஸில் போய்வருவார். ஆஸ்பத்திரிக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு போவது அவருக்கு வெட்கம். ஒவ்வொரு முறை வந்தும் ஒரே கதைதான். "இன்னும் தடிப்பாத்தான் ஈக்குதாம். குளிசயக் கூட்டிட்டாங்க." ராத்தாவுக்கு நெஞ்சு பதறும். இரத்தம் சரியில்லை என்றால் என்ன செய்வார்? இன்னும் ஒரு கைப்பிடி சேர்த்து அரைப்பார்.

இந்த நிலையில் கொழும்பில் அவர்களுடைய ஒரே மகளுக்குப் பிள்ளை பிறந்தது. இரண்டு பேரும் போனார்கள். அங்கே குசினியில் மகளின் மாமியார் ஆட்சி. ராத்தாவுக்கு அடுப்புப் பக்கம் வேலை இல்லை, பார்ஸ்லியும் இல்லை. நான் இங்கே வாளிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் கிழமை ராத்தாவிடமிருந்து தொலைபேசி வந்தது. ஹாஜியாருக்கு மூக்கால் இரத்தம் வந்து நிற்கவே இல்லையாம், பல் முரசாலும் கசிகிறதாம், ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம். ராத்தா அழுதார். ஒளிக்காமல் அவர் செய்து நான் கேட்ட முதல் காரியம் அந்த அழுகை.

ஹாஜியார் பிழைத்து வந்தார். குளிசையைக் குறைத்து அனுப்பியிருந்தார்கள். வெளிறிப்போன கணவரைப் பார்த்த ராத்தா, போன இரத்தத்தை எல்லாம் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று வாளிகளில் இறங்கினார். அடுத்த மாதம் இரத்தம் முன்னரைவிட மோசமாகத் தடித்திருந்தது.

அதற்கு அடுத்த கிளினிக் நாளில் ராத்தாவுக்குக் காய்ச்சல். ஹாஜியாரைத் தனியே விட மனமில்லாமல் என்னைக் கேட்டார். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். டொக்டர் இளம் ஆள், சிங்களவர், களைத்த முகம். பழைய அளவுகளைப் பார்த்துவிட்டுப் பேனையை மேசையில் வைத்தார். இப்படி ஏறி இறங்கினால் ஒருநாள் கட்டி மூளைக்குப் போய்விடும், பிறகு நாங்கள் செய்ய ஒன்றுமில்லை என்றார். குளிசையைத் தவறவிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை. வேறு மருந்து? இல்லை.

"கீரை வகை ஏதும் சாப்பிடுகிறீர்களா? அது இந்த மருந்தை முறித்து இரத்தத்தைத் தடிக்கவைக்கும். ஒருநாள் கூடுதலாக, ஒருநாள் குறைவாகச் சாப்பிட்டால் இப்படித்தான் ஏறி இறங்கும்."

ஹாஜியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ட வாழ்க்கையில பச்சையத் தொட்டதில்ல டொக்டர்" என்று சிங்களத்தில் பெருமையாகச் சொன்னார். முன்பும் இதையே கேட்டிருக்கிறார்கள், முன்பும் இதையேதான் சொல்லியிருக்கிறார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை.

கொழும்பும் மூக்கும் வாளிகளும் எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் முட்டின. அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சத்தியம் செய்தது ராத்தாவிடம், சொல்ல வேண்டியவரும் அவர்தான் என்று பட்டது. வீட்டுக்கு வந்ததும் நேரே அவர் படுக்கைக்குப் போனேன்.

கதையைச் சொல்லி முடிக்கும் மட்டும் ராத்தா என் முகத்தையே பார்த்தார். காய்ச்சல் முகம் சாம்பலாகிவிட்டது.

"நானா?" என்றார். "நானா மகள் செஞ்ச?"

அந்த 'நானா'வை அவர் வாயால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எலிக்கு முன்னால் வருகிற 'நானா' அது. இந்த முறை எலி வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். "ஹரி" என்றார், சரி என்பதற்கு அவர் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார். "இண்டேல இருந்து போட மாட்டேன். செடியெல்லாம் புடுங்கிருவோம். அவருக்குத் தெரிய வாணா."

இது ராத்தாவின் வழி. செய்ததும் தெரியாது, நிறுத்தியதும் தெரியாது. ஆனால் இந்த முறை அது நடக்காது. நான் கோபமாகவே சொன்னேன், எனக்கு அப்படித்தான் வரும்.

"அப்பிடி நிப்பாட்டேலாது ராத்தா. அவரின்ர குளிசையைக் கூட்டி வச்சிருக்கிறதே உங்கட பார்ஸ்லிக்காகத்தான். நீங்கள் சொல்லாமல் நிப்பாட்டினா திரும்பவும் கொழும்பிலை நடந்ததுதான் நடக்கும். டொக்டருக்குச் சொல்லத்தான் வேணும்."

"சொல்ல ஏலா மகள்."

"ஏன்?"

"கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து என்ட கையாலதான் தின்றாரு. ஒரு நாளும் எனத்த போட்டீக்குறெண்டு கேட்டதில்ல. இனி ஒவ்வொரு பிடியையும் பிச்சுப் பிச்சுப் பாப்பாரு. என்ட சோத்த அவரு நம்பாமப் போனா நான் எனத்துக்கு?"

உயிர் பெரிதா நம்பிக்கை பெரிதா என்று கேட்கிற வயது எனக்கில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்த மிகச் சில சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

மறுநாள் காலை காய்ச்சலோடு அபாயாவைப் போட்டுக்கொண்டு ராத்தா வாசலில் நின்றார். கையில் ஒரு பொலித்தீன் சிலிசிலிப் பை. "கிளினிக்குக்குப் போகணும். மூணு பேரும்" என்றார். ஹாஜியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேற்றுத்தானே போனேன் என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நெடுநேரம் காத்திருந்து உள்ளே போனதும் ராத்தா டொக்டரின் மேசையில் அந்தப் பையைக் கவிழ்த்தார். கட்டுக் கட்டாகப் பார்ஸ்லி.

"இது ஒவ்வொரு நாளும் இவருட சாப்பாட்டுல ஈக்குது" என்றார் சிங்களத்தில். "இவருக்குத் தெரியாது. அரைச்சுப் போட்டது நான்தான்."

கையால் அளவைக் காட்டச் சொன்னார் டொக்டர். ராத்தா இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினார். டொக்டருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டார். கடைசியில் சொன்னது இதுதான்: திடீரென்று நிறுத்தக்கூடாது. இதில் பாதியை, ஒவ்வொரு நாளும் ஒரே அளவில், ஒரு கோப்பையால் அளந்து கொடுங்கள். கிழமைக்கொரு தடவை இரத்தம் பார்த்துக் குளிசையை அதற்கேற்பச் சரிசெய்கிறேன். ஆனால் நாள் தவறக்கூடாது, அளவும் மாறக்கூடாது. ஹாஜியார் மேசையில் கிடந்த பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் கண்டி நகரைத் தாண்டியது. ஹாஜியார் முன் ஆசனத்தைப் பார்த்தபடியே கேட்கத் தொடங்கினார்.

"கட்லட்ல?"

"ஓ."

"பெருநாளைக்குச் செஞ்ச இறைச்சிக் கறில?"

"ஓ."

"நோன்புக் கஞ்சில? நோன்புக் கஞ்சிலயுமா புள்ள?"

ராத்தா தலையைக் குனிந்துகொண்டார். கொண்டக்டர் மிச்சக் காசு கொடுக்க மறந்து நின்று கேட்டான்.

"அண்டைக்கு மழையில சுட்டுத் தந்தீங்களே, ரொட்டி. நான்கூட நல்லா ஈக்குதெண்டு சொன்னேனே."

"அதுலதான் ஆகக் கூட" என்றார் ராத்தா மெல்ல.

ஹாஜியார் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று இரவு அவர் கடையில் வாங்கிய பாண் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டார். மறுநாள் காலையும் பாண். மத்தியானம் சோற்றுத் தட்டை ஈ மொய்க்கவிட்டுவிட்டுக் கடைப் பக்கம் போய்விட்டார். ராத்தா பயந்தது அப்படியே நடந்தது. அழவும் இல்லை. குசினிப் படியில் உட்கார்ந்து, வாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டி கழுவுகிற சத்தம்கூட வராத அந்த வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பின்னேரம் ஹாஜியார் வந்ததும் வாசலில் மறித்தேன்.

"ஹாஜியார், நீங்கள் கோவிக்கலாம். நானெண்டாலும் கோவிச்சிருப்பன். ஆனா பாண் திண்டு கோவிக்கேலாது. உங்கட குளிசை அந்தப் புல்லுக்கு அளந்து தந்தது. ராத்தாவோட இருக்கிற கோவத்திலை மூக்காலை இரத்தம் ஓடிச் சாகப்போறீங்களோ?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாடகைக்கு இருப்பவள் பேசுகிற பேச்சா இது என்ற பார்வை. பிறகு சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு நேரே குசினிக்குப் போய், அங்கே இருந்த பலகைக் கதிரையில் உட்கார்ந்தார். அவர் குசினிக்குள் உட்கார்ந்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

"எங்க அந்தப் புல்லு? கொண்டு வாங்க. எனக்குத் தெரியிற மாதிரி."

ராத்தா ஒரு தேநீர்க் கோப்பை நிறையப் பார்ஸ்லியை அளந்து, மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப் பூவும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் மாசித் தூளும் சேர்த்து, சட்டியில் ஒரு பிரட்டுப் பிரட்டி இறக்கி, தேசிக்காய் பிழிந்தார். இந்த வறைக்குத்தான் மல்லுங் என்று பெயர். வெள்ளைத் தட்டின் நடுவில், வேறு எதுவும் சேர்க்காமல் வைத்தார். ஒளிக்க இடமே இல்லாத பச்சை.

ஹாஜியார் கசாயம் குடிக்கிற முகத்தோடு வாயில் வைத்தார். மென்றார்.

"நல்லாவா ஈக்குது?" என்றார் ராத்தா.

"இல்ல."

ஆனால் தட்டை வழித்துத் தின்று முடித்தார். எழும்பும்போது கேட்டார்: "நாளைக்கும் இதே கோப்பைதானா?"

"இதே கோப்பைதான்."

"ஹரி. சோத்தயும் போடுங்க."

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கோப்பைக்குக் காவல்காரர் ஹாஜியாராகிவிட்டார். குறைந்தால் "நெரம்பல்ல" என்பார், கூடினால் இரண்டு இலையை எடுத்துத் திருப்பிக் கொடுப்பார். கைக்கணக்கில் சமைத்துப் பழகிய ராத்தா கோப்பைக்குக் கட்டுப்பட்டு நடந்தார். கிளினிக்குக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். இரத்தம் மெல்ல மெல்ல நடுவுக்கு வந்து அங்கேயே நின்றது. ராத்தா பயந்தபடி ஹாஜியார் சோற்றைப் பிய்த்துப் பார்க்கவும் இல்லை. சாப்பிட உட்கார்ந்ததும் "இண்டைக்கு எனத்த போட்டீக்குது?" என்று கேட்பார், ராத்தா ஒவ்வொன்றாகச் சொல்வார். நாற்பது வருடம் பேசாத பேச்சை எல்லாம் கறிச்சட்டிக்கு முன்னால் பேசித் தீர்த்தார்கள். எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும், சந்தோஷமாக இருக்கும்.

மற்றவர்கள் விஷயத்தில் ராத்தா திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். என் பையில் எலி தொடர்ந்து வைத்துக்கொண்டுதான் இருந்தது. நோனாவின் அந்தூரியங்களை இன்றைக்கும் தெய்வம்தான் காப்பாற்றுகிறது.

எனக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றல் வந்தது. புறப்படுகிற காலையில் பையை வாசல் கதிரையில் வேண்டுமென்றே வைத்துவிட்டு, சப்பாத்து நாடாவை ஆறுதலாகக் கட்டினேன். பிறகு உள்ளே கைவிட்டுத் துழாவினேன். ஒன்றும் இல்லை. சூட்கேசையும் திறந்து பார்த்தேன். அங்கும் இல்லை. எனக்கு உண்மையாகவே மனது நொந்தது. கடைசி நாளில் எலிகூட மறந்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டு சூட்கேசை மூடினேன்.

ஓட்டோ வந்து நின்றது. ஹாஜியார் கேற்றடியில் நின்றார். வேலிக்கு மேலால் நோனா எட்டிப் பார்த்தார். ஒழுங்கையில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அப்போது வீட்டைச் சுற்றிப் பின்பக்கமிருந்து ராத்தா வந்தார். இரண்டு கையாலும் ஒரு பெயின்ட் வாளியை நெஞ்சோடு அணைத்திருந்தார். நீலப் பெயின்ட் வழிந்த வாளி, அதில் தோட்டத்திலேயே செழிப்பான பார்ஸ்லி. எல்லோரும் பார்க்க நடந்து வந்து என் கையில் வைத்தார்.

"எலி வச்சதோ ராத்தா?" என்றேன். அழுகையை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

"இல்ல" என்றார், ஒழுங்கைக்கே கேட்க. "நான்தான் தாற."

யாழ்ப்பாண பஸ்ஸில் அந்த வாளியை மடியிலேயே வைத்திருந்தேன். முழங்கால் மரத்துவிட்டது. வீட்டில் கிணற்றடியில், வேப்பமர நிழலில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். எங்கள் ஊர் வெயில் அதற்குப் பழக்கமில்லை. இலை மஞ்சளாகி, தண்டு தளர்ந்து, அடுத்த மாதத்துக்குள் வாளியில் மண்தான் மிஞ்சியது. ராத்தா தொலைபேசி எடுப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். எடுத்தார்.

"செடி எப்பிடி ஈக்குது மகள்?"

நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு அந்தக் கிளினிக் மேசை ஞாபகம் வந்தது.

"செத்துப்போச்சு ராத்தா. வெயில் தாங்கேல்லை."

"தெரியும். அங்க நிக்காதெண்டு தெரிஞ்சுதான் தந்த."

எனக்குக் கோபம் வந்தது. "பின்னை ஏன் தந்தனீங்கள்? அவ்வளவு தூரம் மடியிலை வச்சுக்கொண்டு வந்தன். என்ர கால் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

மறுமுனையில் கோப்பை எங்கே என்று ஹாஜியார் கேட்பது தூரத்தில் கேட்டது.

"நான் ஒரு ஆளுக்குக் குடுக்குறத, ஒருக்காலாச்சும் எல்லாரும் பாக்கட்டுமெண்டு எனக்கு ஆசையா ஈந்திச்சி மகள்" என்றார் ராத்தா.